நாற்பத்தாறு கடிதங்கள்

எங்கள் கடையில் மீன் விற்கிறோம் என்று சொன்னால் உடனே கிலோ என்ன விலை என்று கேட்பார்கள். சமைக்கிற மீன் இல்லை, தொட்டியில் விட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிற மீன். முன்னறையில் முப்பத்திரண்டு தொட்டிகள். பின்னறையில் பம்புகள், வடிகட்டிகள், ரப்பர் குழாய்கள், அப்புறம் நான். முன்னறை என் கணவருடைய ராஜ்ஜியம். வருகிறவர்களை உட்காரவைத்து, எந்த மீன் எதோடு ஒத்துப்போகும், எது வாலைக் கடிக்கும் என்று சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒரே கேள்வியை யாராவது மூன்றாவது தடவை கேட்டால் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். அதனால்தான் நான் பின்னால்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை இவர் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மெயில் அனுப்புவார். மெயில் என்று சொல்ல மாட்டார், கடிதம் என்பார். எந்தத் தொட்டியில் குஞ்சு பொரித்திருக்கிறது, கண்ணாடியில் படியும் பாசியைக் கீறல் விழாமல் எப்படிச் சுரண்டுவது, எட்டாம் தொட்டியின் கறுப்பு மீன் ஏன் யாரோடும் சேராமல் மூலையில் முறைத்துக்கொண்டு நிற்கிறது, இப்படி எழுதுவார். விற்பனை விஷயம் நடுவில் ஒரே ஒரு வரி வரும். எழுதும்போதே பின்னறை வாசலில் நின்று எனக்கு வாசித்துக் காட்டுவார். நான் ஸ்பாஞ்சைப் பிழிந்துகொண்டே "ம்" போடுவேன். கடிதம் போன பிறகு பதில்கள் வரும். அதையும் வாசித்துக் காட்டுவார், டீ ஆறும்வரை.

பிறகு பதில்கள் நின்றுபோயின. முதல் மாதம், "எல்லாருக்கும் வேலை இருக்கும்ல" என்றார். இரண்டாம் மாதம் இன்டர்நெட் வயரைக் கழற்றித் துடைத்து மாட்டினார். மூன்றாம் மாதமோ, காலையில் கழுவிய தொட்டியை மத்தியானம் மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன, தொட்டிக்குப் பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "நான் எழுதறது எல்லாருக்கும் சலிச்சுப்போச்சு போலிருக்கு. அடுத்ததோட நிறுத்திடறேன்" என்றார்.

இருபத்திரண்டு வருஷமாக இந்த மனிதரோடு குடித்தனம் செய்கிறேன். கடைக் கூரை ஒழுகியபோதும், ஒரே நாளில் ஆறு தொட்டி மீன் செத்தபோதும் கேட்காத குரல் அது. இவரை இப்படியே விடக்கூடாது என்று நினைத்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு. "நிறுத்துங்க, யாரு கேட்டா? மிச்ச நேரத்துல எனக்கு நாலு குழாய் கழுவிக் குடுங்க" என்று கத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நாத்தனாருக்கு போன் போட்டேன்.

என் நாத்தனார், இவருடைய தங்கை, மற்ற கம்பெனிகளுக்காக மெயில் அனுப்பித் தருகிற ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். எங்கள் கணக்குக்குள் நுழைந்து பார்த்துவிட்டு அரை மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டாள்.

"அண்ணி, அண்ணன் எழுதறது யாருக்கும் சலிக்கல. யாரு கண்ணுலயும் படவே இல்ல. எல்லாம் ஸ்பாமுக்குப் போய்க் குப்பையோட குப்பையா கிடக்கு."

"ஏன்? நாம என்ன திருட்டு வியாபாரமா பண்றோம்?"

"நாலு மாசம் முன்னாடி அண்ணன் ஒரே நாள்ல ஐயாயிரம் பேருக்கு அனுப்பியிருக்கார். உங்க கடைக்கு அத்தனை வாடிக்கையாளர் எங்க இருக்காங்க?"

தொள்ளாயிரம் பேர்தான். நான் கதவைத் திறந்தேன். "நாலு மாசம் முன்னாடி, கடையோட அஞ்சாவது வருஷத்துக்கு எழுதினீங்களே, அந்தக் கடிதத்தை யாருக்கெல்லாம் அனுப்பினீங்க?"

இவர் நிதானமாகச் சொன்னார். கல்லா மேஜைக் கண்ணாடிக் கிண்ணத்தில் சேர்ந்திருந்த விசிட்டிங் கார்டுகள் எல்லாவற்றுக்கும். இரண்டு அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களின் பட்டியலுக்கு. பழைய பள்ளிக்கூடத் தோழர்கள் மொத்தப் பேருக்கும். பல் மருத்துவர் மாநாடு நடந்த மண்டபத்துக்கு இவர் தொட்டி அமைத்துக் கொடுத்தபோது, யாரோ தவறிப்போய் அனுப்பிய மூவாயிரம் பல் மருத்துவர்களின் பட்டியலுக்கும்.

"கடை ஆரம்பிச்சு அஞ்சு வருஷம் ஆச்சு. நல்ல சேதி. ஒருத்தருக்குச் சொல்லி ஒருத்தருக்குச் சொல்லாம விட்டா வருத்தப்பட மாட்டாங்களா?"

இதுதான் இவர். நல்ல சேதி என்றால் தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு வருகிற ஜாதி. மூவாயிரம் பல் மருத்துவர்களில் ஒருவராவது, இந்த மீன்காரர் நமக்குச் சொல்லவில்லையே என்று கண்ணைக் கசக்கியிருப்பாரா? ஸ்பாம் பட்டனை அமுக்கியிருப்பார்கள். அமுக்கித்தான் இருக்கிறார்கள்.

ஸ்பீக்கரில் நாத்தனார் விளக்கினாள். மெயில் பெட்டி நடத்துகிற கம்பெனிகள் அனுப்புகிற ஒவ்வொருவருக்கும் மனசுக்குள் ஒரு மார்க் போட்டு வைத்திருக்குமாம். கேட்காதவர்களுக்கு அனுப்பினால் குறையும். இல்லாத முகவரிக்கு அனுப்பினால் குறையும். வாங்கியவர்கள் திறக்காமலே விட்டால் குறையும். யாராவது ஸ்பாம் என்று அமுக்கினால் தலைகீழாக விழும். திறந்து படித்தால், பதில் போட்டால் ஏறும். மார்க் கீழே போய்விட்டால், ஆசையாகக் காத்திருக்கிறவனுக்கு அனுப்பியதும் குப்பைக்குத்தான் போகும்.

"பேரைக் கெடுக்க ஒரு நாள் போதும் அண்ணா, எடுக்கத்தான் மாசக்கணக்கு ஆகும். முதல்ல, கடை பேர்ல அனுப்பறது நீங்கதான்னு காட்டற அமைப்பெல்லாம் சரியா இல்ல, அதை நான் போட்டுடறேன். நீங்க லிஸ்டைக் கழுவுங்க. கேக்காதவங்க எல்லாரையும் எடுங்க. கேட்டவங்கள்லயும் ஒரு வருஷமா திறக்காதவங்களை எடுங்க. இந்தத் தடவை ரொம்ப ஆசையா படிக்கிற அம்பது பேருக்கு மட்டும் அனுப்புங்க. அவங்க திறந்தா அடுத்தது இருநூறு. அப்புறம் நானூறு. வேண்டாம்னா விலகிக்கற லிங்கை எல்லாருக்கும் தெரியற மாதிரி மேல வையுங்க."

"அம்பது பேருக்கா?" என்றார் இவர், ஏதோ பட்டினி போடச் சொன்னதுபோல.

"புதுத் தொட்டில முதல் நாளே இருபது மீனை விடாதீங்க, தண்ணி பழகட்டும், ரெண்டு ரெண்டா விடுங்கன்னு வர்றவங்ககிட்டல்லாம் வாய் கிழியச் சொல்றீங்கல்ல? ஊருக்குத்தான் உபதேசம்!" என்றேன்.

அதற்கு மேல் இவர் வாதாடவில்லை. ஆனால், "இந்த அம்பது பேரும் பதில் போடலேன்னா அதுதான் கடைசிக் கடிதம்" என்று மட்டும் சொன்னார். அது விளையாட்டுப் பேச்சில்லை என்று எனக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. கல்லா மேஜையில் டேப்லெட்டை வைத்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம். பல் மருத்துவர்களும் குடியிருப்புக்காரர்களும் போக ஐந்து நிமிஷம் ஆனது. எங்கள் தொள்ளாயிரத்தில் கை வைத்தபோதுதான் வந்தது வினை. பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எத்தனை அனுப்பினோம், எத்தனை திறந்தார்கள் என்று இருக்கும். நான் வாசிப்பேன், இவர் வக்காலத்து வாங்குவார்.

"இவரு ரெண்டு வருஷமா திறக்கல."

"அவரு வெளியூர்ல இருக்காரும்மா. வந்து படிப்பாரு."

"இந்தம்மா?"

"அவங்க மீன் செத்துப்போச்சு. மனசு சரியில்லாம இருப்பாங்க."

"இவரு?"

இவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பெயரை மறுபடி பார்த்தேன். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வாரம் தவறாமல் வந்து எட்டாம் தொட்டி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். போன வருஷம் இறந்துபோனார்.

"அவரு படிக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். "இருந்துட்டுப் போகட்டுமே."

எனக்கும் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் இந்த மனிதரைப் பிழைக்கவைக்க வேண்டுமே. "இல்லங்க. அவரு மெயில் பெட்டிய மூடியாச்சு, அனுப்பறது ஒவ்வொரு தடவையும் திரும்பி வருது. நமக்குத்தான் மார்க் போகுது. விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். ஒரு வருஷமா திறக்கலேன்னா யாரா இருந்தாலும் வெளிய. என்னைப் பெத்தவளா இருந்தாலும் சரி" என்றேன். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெயரை எடுத்தார். எடுப்பதற்கு முன்னால் அந்த முகவரியை ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பார்க்காததுபோல இருந்துவிட்டேன்.

அதன் பிறகு வேகமாகப் போனது. கடைசிப் பக்கம் வந்தபோது இவர் சட்டென்று டேப்லெட்டைத் தன் பக்கம் இழுத்தார். "இதை நான் பாத்துக்கறேன். நீ போய் டீ போடு."

டீ போடு என்றால் எழுந்து போகிற ஆளா நான்? பிடுங்கிப் பார்த்தேன்.

என் முகவரி. அனுப்பியது நாற்பத்தாறு. திறந்தது பூஜ்யம்.

கையும் களவுமாகப் பிடிபட்டால் என்ன செய்வார்களோ அதைத்தான் செய்தேன், சண்டைக்குப் போனேன். "நீங்கதான் எழுதும்போதே வாசிச்சுக் காட்டுவீங்களே! கேட்டதையே எதுக்குத் திரும்பப் படிக்கணும்?"

"அதான் நானும் ஒண்ணும் கேக்கல" என்றார்.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"மாசாமாசம் பாப்பேனே."

நாற்பத்தாறு மாதம். ஒவ்வொரு கடிதம் போன மறுநாளும் இந்தப் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபம் கூடவே வரும். "அப்ப எடுங்க. நான் சொன்ன விதிதானே? என்னையும் எடுங்க!" என்றேன்.

கெஞ்சுவார் என்று நினைத்தேன். மீன் செத்துப்போன அம்மாவுக்கு வக்காலத்து வாங்கியவர், எனக்கு ஒரு வார்த்தை பேச மாட்டாரா? இவர் டேப்லெட்டை என் கையிலிருந்து வாங்கினார். பிறகு எடுத்துவிட்டார். பட்டியலில் கடைசிப் பெயர் போய் வெறும் கோடு மட்டும் நின்றது.

அந்த வாரம் இவர் கடிதம் எழுதினார். முதல் முறையாக எனக்கு வாசித்துக் காட்டவில்லை. நான் பம்பு வால்வுகளைக் கழற்றி வைத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன், விசைப்பலகைச் சத்தம்தான் வந்தது. ஒருமுறை நிறுத்திவிட்டுச் சிரித்தார். என்னவென்று கேட்க நாக்கு வரை வந்தது. வீம்புக்கு விழுங்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஐம்பது பேருக்குப் போனது. பதினொன்றரைக்கு முதல் பதில். சாயங்காலத்துக்குள் முப்பத்தொன்று. 'மூன்று மாதமாக எங்கே போனீர்கள்?' என்று பாதிப்பேர் கேட்டிருந்தார்கள். இவர் முன்னறையில் இந்தத் தொட்டிக்கும் அந்தத் தொட்டிக்கும் நடந்துகொண்டே பதில்களைத் தனக்குத்தானே வாசித்துக்கொண்டார். பின்னறை வாசல் வரை வந்து, ஏதோ நினைவு வந்தவராகத் திரும்பிப் போனார். அவர் பிழைத்துக்கொண்டார் என்று எனக்கு அவ்வளவு நிம்மதி. கூடவே, கை எட்டும் தூரத்தில் விருந்து நடக்கும்போது வெளியே நிற்கிறவளைப்போலவும் இருந்தது. என் வாயால் கெட்டேன், யாரைக் குற்றம் சொல்ல?

மறுநாள் தையல்காரம்மா வந்தாள். எதிர்த்தெருவில் கடை வைத்திருக்கிறாள், ஐம்பது பேரில் ஒருத்தி. இவர் வெளியே போயிருந்ததால் மீன் தீனி எடுத்துக் கொடுக்க நான் முன்னால் வரவேண்டியதாயிற்று.

"கடிதம் வந்துச்சுக்கா. வழக்கம்போல முதல்ல கடைசித் தொட்டியத்தான் படிச்சேன்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தாள்.

"எந்தத் தொட்டி?"

"அதாங்கா, கடைசில வருமே."

எங்கள் கடைசித் தொட்டியில் இருப்பது நாலு நத்தை. அதைப் படித்துவிட்டு யாராவது இப்படிச் சிரிப்பார்களா? மானத்தை விட்டு அவள் போனைக் கேட்டு வாங்கினேன். கடிதத்தின் அடியில், இவர் எனக்கு ஒரு நாளும் வாசித்துக் காட்டாத ஒரு பகுதி இருந்தது.

'கடைசித் தொட்டி: முப்பத்து மூன்றாவது தொட்டி பின்னறையில் இருக்கிறது. அதில் மீன் இல்லை, என் மனைவி இருக்கிறாள். இந்த மாதம் என்மேல் கோபம். நான் கடிதத்தை நிறுத்துகிறேன் என்று சொன்னதால். கோபத்திலும் ஒரு பம்புகூட நிற்கவில்லை. என் மூக்குக்கண்ணாடியில் தளர்ந்திருந்த திருகை யாரோ முடுக்கி வைத்திருக்கிறார்கள். கேட்டால் நான் இல்லை என்பாள். உங்கள் கையில் இந்தக் கடிதம் வந்து சேர்ந்திருந்தால், அது அவள் போட்ட சண்டையால்தான்.'

இரண்டு தடவை படித்தேன். எழுத்துகள் கலங்கின.

"இது எத்தனை நாளா எழுதறாரு?"

"முதல் கடிதத்துலேர்ந்துக்கா. உங்களுக்குத் தெரியாதா?" அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. நாற்பத்தாறு மாதம், மாதத்துக்கு ஒருமுறை, என் பெட்டிக்கே வந்து விழுந்திருக்கிறது. நான் திறக்கவில்லை. வாசித்துக் காட்ட இவருக்குக் கூச்சம். திறந்தால் தானாகத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்.

பழைய கடிதங்கள் கடை டேப்லெட்டிலேயே இருக்கின்றன. எடுத்துப் படித்திருக்கலாம். மனசு வரவில்லை. எனக்கு அனுப்பியதைத் திறக்காமல் விட்டுவிட்டு, இப்போது அவர் இல்லாத நேரத்தில் திருடிப் படிப்பதா? முறையாகக் கேட்டு வாங்க வேண்டும் என்று தோன்றியது. பின்னறைக்குப் போய், முன்பின் தெரியாத வாடிக்கையாளரைப்போல எங்கள் கடை இணையப் பக்கத்தில் பெயர் கொடுக்கிற படிவத்தைத் திறந்தேன். பெயர், முகவரி. பிறகு ஒரு கேள்வி: 'எங்கள் கடையைப் பற்றி எப்படித் தெரியும்?' நண்பர் மூலம், பெயர்ப்பலகை, மற்றவை. மற்றவை என்பதைத் தேர்ந்தெடுத்து, பக்கத்துக் கட்டத்தில் 'முதலாளியைக் கட்டிக்கொண்டேன்' என்று எழுதினேன்.

கேட்டது நான்தான் என்று உறுதி செய்ய ஒரு மெயில் வரும் என்றது. வரவில்லை. நாலு தடவை பார்த்தேன். கடைசியில் ஸ்பாமில் கிடந்தது. இத்தனை வருஷம் நான் திறக்காததைப் பார்த்து, என் பெட்டியே இவரை வேண்டாதவர் என்று முடிவு செய்துவிட்டிருக்கிறது. அதைத் திட்டிக்கொண்டே, இது ஸ்பாம் இல்லை என்று அமுக்கி, வெளியே எடுத்து, ஆமாம் எனக்கு வேண்டும் என்பதையும் அமுக்கினேன்.

சாயங்காலம் இவர் திரும்பி வந்து புதுப் பெயர்களைப் பார்க்க உட்கார்ந்தார். முன்னறையில் அவர் கையிலிருந்த ஏதோ தொட்டித் தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்க்கவில்லை. சாப்பிடும்போது என் தட்டில் தன் பங்கிலிருந்து கொஞ்சம் எடுத்து வைத்தார், அவ்வளவுதான்.

அடுத்த மாதம் முதல் வெள்ளி. இருநூறு பேருக்குக் கடிதம் போனது, எனக்கும். பம்புகளுக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நேராகக் கடைசிக்குப் போனேன்.

'கடைசித் தொட்டி: இந்த மாதம் இந்தப் பகுதி இல்லை. அவள் இப்போது படிக்கிறாள். எனக்குக் கூச்சமாக இருக்கிறது.'

விழுந்து விழுந்து சிரித்தேன். சிரிப்பு முடிவதற்குள் அழுகையும் வந்தது. வாசகர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பதினைந்து நிமிஷத்தில் பதில்கள் குவிய ஆரம்பித்தன. 'இது என்ன அநியாயம்?', 'மீனை வேண்டுமானால் நிறுத்துங்கள், அதை நிறுத்தாதீர்கள்', 'அக்காவிடம் நான் பேசவா?' மத்தியானத்துக்குள் நூற்றுப் பன்னிரண்டு. நாத்தனார் போனில் கத்தினாள். "அண்ணி, என்ன பண்ணினீங்க? இருநூறு பேருக்கு இத்தனை பதிலை நான் என் சர்வீஸ்ல பாத்ததில்ல. மார்க் ஏறுது பாருங்க!"

நானும் பதில் எழுதினேன். என் வாழ்நாளில் இவருக்கு எழுதிய முதல் கடிதம் அதுதான்.

'ஐயா, உங்கள் பழைய வாசகி, புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். விட்டுப்போன நாற்பத்தாறும் எனக்கு வேண்டும். ஒரேயடியாக அனுப்ப வேண்டாம். வாரத்துக்கு ஒன்று போதும். ஒவ்வொன்றுக்கும் பதில் போடுவேன்.'

அனுப்பிவிட்டுக் குழாயைக் கழுவ ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் இவர் பின்னறை வாசலில் வந்து நின்றார், கையில் டேப்லெட், சட்டையெல்லாம் தண்ணீர்.

"ஏம்மா, எல்லாம் இதுலயே இருக்கு. இப்பவே எடுத்துக் குடுத்துடறேனே?"

"வேண்டாம். அனுப்புங்க."

"நாப்பத்தாறு வாரம் ஆகுமே."

"ஆகட்டும்" என்றேன். "நான் எங்க போகப் போறேன்?"